சம்பளம் வாங்கும் குரல்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

சென்ற பருவத்தில் நம் தமிழ் மன்றத்தில் நடந்த சொற்போர் நண்பர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். ‘கலைஞனுக்கு மாதச் சம்பளம் வேண்டுமா, வேண்டாமா?’ என்பது பொருள். வேண்டும் என்று பேசியவர்களில் அடியேனும் ஒருவன். எதிரணியில் நின்ற என் விடுதித் தோழர், “சம்பளம் வாங்குகிறவன் கலைஞனே அல்லன், கையில் கோப்பு இல்லாத குமாஸ்தா!” என்று ஒரு போடு போட்டார். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. எங்கள் அணி தோற்றது. அன்று ஐந்து நிமிட மணிக்குள் சொல்ல முடியாமற் போனதை இம்மலரின் பக்கங்களில் சொல்லிவிடலாம் என்று எழுத முற்பட்டேன்.

நான் சொல்ல எடுத்துக்கொண்டது நம் ஊர்க் கதை அன்று. ஜெர்மனியில், முன்பின் தெரியாத ஒரு நடுத்தர நகரத்தில், ஒரு பெட்டியும் ஒரு குரலுமாக வந்து இறங்குகிறாரே ஆப்பராப் பாடகர், அவருடைய கதை. அவர் கொரியாவிலிருந்து வந்திருக்கலாம், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கலாம், பக்கத்து நாடான போலந்திலிருந்தும் வந்திருக்கலாம். அவருக்கு அங்கே கிடைப்பது பாராட்டு விழாவோ பொன்னாடையோ அன்று, வேலை. நியமன ஒப்பந்தமும், மாதச் சம்பளமும், மருத்துவக் காப்பீடும், ஓய்வூதியப் பிடித்தமும் உள்ள வேலை!

ஆப்பரா என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உரையாடல் உட்பட ஏறத்தாழ முழுவதும் பாட்டாகவே நடைபெறும் நாடகம் அது. மேடைக்கு முன்னால் உள்ள குழியில் அறுபது எழுபது வாத்தியங்கள் முழங்கும். பாடுகிறவருக்கு ஒலிபெருக்கி கிடையாது. ஆயிரம் பேர் அமர்ந்த அரங்கின் கடைசி வரிசைக்கும் அந்தத் தனிக்குரல் எட்டியாக வேண்டும். இது எப்படி நடக்கிறது என்பதை ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஜோஹான் சுண்ட்பெர்க் 1970களில் ஆராய்ந்து விளக்கினார். வாத்தியக் குழுவின் ஓசை வலிமை பெரிதும் 500 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டிய கீழ்ப்பகுதியில் இருக்கிறது; மேலே போகப்போகக் குறைகிறது. பயிற்சி பெற்ற பாடகர், சிறப்பாக ஆண் பாடகர், தொண்டையின் அமைப்பை மாற்றி 3,000 ஹெர்ட்ஸ் அருகில் தம் குரலுக்கு ஒரு தனி மினுக்கத்தை ஏற்றிக்கொள்கிறார். வாத்தியங்கள் ஓய்ந்து கிடக்கும் அந்த இடைவெளி வழியாகக் குரல் வெளியே வந்துவிடுகிறது. கத்துவதில்லை, வழி கண்டுபிடிக்கிறார். (இயற்பியல் துறை நண்பர்கள் இந்தச் சுருக்க விளக்கத்தைப் பொறுத்தருள்க!) இந்த வித்தை கைவரப் பத்தாண்டுப் பயிற்சி தேவைப்படலாம். பத்தாண்டு கழித்து அந்தக் குரலை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது?

பலர் ஜெர்மனிக்குப் போகிறார்கள். அங்கே ஆப்பரா நடத்தும் பொது அரங்குகள் ஏறத்தாழ எண்பது இருக்கின்றன. இத்தனை அரங்குகள் எப்படி வந்தன என்பதில் வரலாற்று மாணவனாகிய எனக்குத் தனி ஆர்வம் உண்டு. ஜெர்மனி 1871 வரை ஒரே நாடாக இருக்கவில்லை. சிறிதும் பெரிதுமாக எத்தனையோ சிற்றரசுகள். ஒவ்வொரு சிற்றரசனுக்கும் ஓர் அரண்மனை, அரண்மனைக்கு ஓர் அரங்கு, அரங்குக்குச் சம்பளக் கலைஞர்கள். 1918இல் மன்னர்கள் முடி துறந்தார்கள். அரங்குகளை இடிக்கவில்லை, ஏலம் விடவும் இல்லை. மாநில அரசுகளும் நகராட்சிகளும் ஏற்று நடத்தலாயின. இன்றும் அந்த அரங்குகளின் செலவில் டிக்கெட் விற்பனையால் வருவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சம் மக்கள் வரிப்பணம். குப்பை அள்ளுவதும் குழாயில் தண்ணீர் விடுவதும் போல, மாலையில் பாட்டு நடப்பதும் ஊரின் பொறுப்பு என்று எண்ணிப் பழகியவர்கள் அவர்கள்.

இனி நம் பாடகரைப் பின்தொடர்வோம். அவர் முதலில் செல்லக்கூடிய இடங்களில் ஒன்று எது தெரியுமா? வேலைவாய்ப்பு அலுவலகம்! உண்மையாகத்தான் சொல்கிறேன். ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்புத் துறையிலேயே கலைஞர்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்று உண்டு. அங்கே பாடிக் காட்டினால், தேறுகிறவர்களை எந்த ஊர் அரங்கில் எந்தக் குரல் தேவையோ அந்த ஊருக்குப் பரிந்துரை செய்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் பட்டம் பெற்றதும் பதிவு அட்டையைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கப் போகிறோம்! அந்த வரிசையில் நமக்கு முன்னால் ஒருவர் ‘பிழைப்பு: பாடுதல்’ என்று எழுதிக்கொண்டு நிற்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். தனியார் முகவர்களும் உண்டு; அவர்கள் கழிவு பிடிப்பார்கள். அரசுப் பிரிவில் அது இல்லை.

பிறகு அரங்கிலேயே குரல் தேர்வு. ஐந்து பாடல்கள் தயாராக இருக்க வேண்டும். வெவ்வேறு மொழிகளில் இருந்தால் நல்லது. முதற் பாடல் பாடகரின் விருப்பம். இரண்டாவதை இருட்டில் அமர்ந்திருப்பவர்கள் கேட்பார்கள். சில சமயம் இரண்டாவதைக் கேட்பதே இல்லை. “நன்றி” என்ற ஒற்றைச் சொல்லோடு ரயிலுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

தேறியவருக்கு ‘ஃபெஸ்ட்’ என்னும் நிலையான ஒப்பந்தம். அதில் அவருடைய குரல் வகையும் குறிக்கப்படும். ‘ஃபாக்’ என்று அவர்கள் அழைக்கும் இந்தப் பாகுபாடு நம் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குப் புதிதன்று. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று நம் நடிகர்கள் இன்ன வேடத்துக்கு இன்னார் என்று வகுத்து வைத்திருக்கவில்லையா? அதே ஏற்பாடுதான். மெல்லிய பெண்குரல், கனத்த பெண்குரல், துடுக்கான பணிப்பெண் வேடத்துக்கான குரல், வீரன் வேடத்து ஆண்குரல், அடிக்குரல் எனப் பல வகை. மெல்லிய குரலுக்கென்று எடுத்தவரைக் கனத்த பாத்திரம் பாடச் சொன்னால், “இது என் வகை அன்று” என்று மறுக்க அவருக்கு இடமுண்டு. குரலைக் காக்கும் கவசம் அது. ஆனால் வகைக்குள் எதைக் கொடுத்தாலும் பாடியே தீர வேண்டும்.

ஊருக்கு வந்ததும் முதல் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அந்த முகவரி கிடைப்பதுதான் பெரும்பாடு. பாடகர் என்றதும் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். சுவருக்கு அந்தப்புறம் தினமும் ஒருவர் உச்சஸ்தாயியில் ஏறி இறங்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்? இதைக் குறித்து வழக்குகளே நடந்திருக்கின்றன. ஒரு டிரம்பெட் கலைஞரின் வழக்கு உச்ச நிலை நீதிமன்றம் வரை போய், வீட்டில் இசைப் பயிற்சி செய்வதை அடியோடு தடுக்க முடியாது. வேலை நாட்களில் இரண்டு மூன்று மணி நேரம் என்பதை ஒரு வழிகாட்டியாகக் கொள்ளலாம் என்று 2018இல் தீர்ப்பாயிற்று. நம் ஊரில் ஆடி மாதத்து ஒலிபெருக்கிக்குப் பழகிய காதுகளுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும்.

வேலை நேரத்தைக் கேளுங்கள். காலை பத்து மணிமுதல் இரண்டு மணிவரை ஒத்திகை. பிறகு மாலை ஆறுமுதல் பத்துவரை மீண்டும் ஒத்திகை, அல்லது ஏழரை மணிக்கு நாடகம். நடுவில் கிடைக்கும் நான்கு மணி நேரத்தில் சமைப்பது, தூங்குவது, அடுத்த பாடத்தை மனனம் செய்வது எல்லாம். நாளைக்கு என்ன வேலை என்பது இன்று பிற்பகல் இரண்டு மணியளவில்தான் தெரியும். முன்பு அரங்கில் பலகையில் ஒட்டினார்கள். இப்போது கைப்பேசியில் வருகிறது. அனுமதி பெறாமல் ஊரைவிட்டு வெளியே போகக்கூடாது. பக்கத்து ஊரில் தோழியின் திருமணம் என்றாலும் எழுதிக் கேட்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மொசார்ட், வியாழக்கிழமை வெர்தி, சனிக்கிழமை ஓர் இசைக் கேளிக்கை என்று வாரத்துக்குள் மூன்று நாடகம், இரண்டு மூன்று மொழி. கிறிஸ்துமஸ் காலம் வந்துவிட்டால் ஹம்பர்டிங்கின் ‘ஹென்சலும் கிரேட்டலும்’. 1893இல் வைமார் நகரில் முதன்முதல் மேடையேறிய இந்தக் குழந்தைக் கதை ஆப்பராவை ஜெர்மன் அரங்குகள் டிசம்பரில் விடவே விடா. பள்ளிப் பிள்ளைகளுக்காகக் காலை பதினோரு மணிக்கே ஆட்டம். முந்தின இரவு பத்தரை மணிவரை ஒரு சோக நாயகியாக மாண்டுவிட்டு, மறுநாள் காலை சூனியக்காரியின் அடுப்புக்கு முன் துள்ளிக் குதிக்க வேண்டும்!

யாருக்காவது சளி பிடித்துவிட்டால் வேறொரு கூத்து. காலை ஒன்பது மணிக்கு இருநூறு கல் தொலைவில் உள்ள பாடகருக்குத் தொலைபேசி போகும். அவர் ரயிலேறி மாலைக்குள் வந்து சேர்வார். பாட்டு தெரியும், இந்த அரங்கில் எங்கே நிற்க வேண்டும், எந்தக் கதவு வழியே நுழைய வேண்டும் என்பது தெரியாது. ஆகவே அவர் மேடை ஓரத்தில் நின்று பாடுவார். இயக்குநரின் உதவியாளர் வேடமணிந்து நடுமேடையில் வாயசைத்து நடிப்பார். சபையோர் இதைக் கேலி செய்வதில்லை. ஆட்டத்தைக் காப்பாற்றினார் என்று அவருக்கே மிகுந்த கைதட்டல்.

என் தோழர் ‘குமாஸ்தா’ என்றாரே, இதில் எந்த இடத்தில் குமாஸ்தா தெரிகிறார்? அலினா கரான்சா என்றும் எலினா கரான்சா என்றும் நம் பத்திரிகைகள் எழுதும் லாட்வியா நாட்டுப் பாடகி ரீகாவிலிருந்து வந்து முதலில் சேர்ந்த இடம் எது? மைனிங்கன். மொத்த மக்கள் தொகை நம் தாலுகாத் தலைநகர் ஒன்றின் அளவுகூட இல்லாத ஊர். அங்கே மாதச் சம்பளத்துக்குப் பாடினார். அடுத்து ஃப்ராங்ஃபர்ட்டுக்குப் போனார். 2003இல் சால்ஸ்பர்க் விழாவில் பாடியபின் உலகம் அறிந்தது. சம்பளம் அவரைக் கெடுத்ததாக எவரும் சொல்லக் கேட்டதில்லை.

இன்னொரு கதை இதைவிட முக்கியம். 1955 ஜனவரி 7ஆம் நாள் மேரியன் ஆண்டர்சன் பாடும்வரை, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் கறுப்பினத்தவர் எவருக்கும் தனிப்பாத்திரம் கொடுக்கப்பட்டதில்லை. உலகம் வியந்த அந்தக் குரலுக்கு அன்று வயது ஐம்பத்தேழு! அவருக்குப் பின் வந்த தலைமுறை ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. கிரேஸ் பம்ப்ரி சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அரங்கில் வேலை பார்த்தார். 1961இல் பைராய்ட் விழாவில் வீனஸ் வேடமேற்ற முதல் கறுப்பினப் பாடகி அவரே. ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் பிறந்த ஜெஸ்ஸி நார்மன் 1968இல் மியூனிக் போட்டியில் வென்றார். மறு ஆண்டே மேற்கு பெர்லினின் டாய்ச் ஆப்பரா அவரை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. இருபத்து நான்கு வயதுப் பெண், சுவர் எழுப்பிப் பிரித்த ஒரு நகரம், தாய்மொழியன்று. ‘டான்ஹாய்சர்’ நாடகத்தில் எலிசபெத் வேடம் கிடைத்தது. சொந்த நாட்டின் மெட்ரோபாலிட்டன் மேடையில் அவர் ஏறியது 1983இல். பிறந்த ஊர் கொடுக்கத் தயங்கியதை அந்நிய நகரம் ஒன்று ஒப்பந்தத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தது.

ஆனால் உண்மையின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அதே ஜெஸ்ஸி நார்மன் 1970களின் நடுவில் ஆப்பரா மேடையிலிருந்தே சில ஆண்டுகள் விலகி நின்றார். தம் குரலுக்கு உரிய காலம் வருமுன் பெரிய பாத்திரங்கள் மேலே வந்து விழுந்தால் குரல் என்னாகும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. இன்று புகழ்பெற்றிருக்கும் யோனாஸ் கௌஃப்மன் 1994இல் சார்ப்ரூக்கன் அரங்கில் சம்பளத்துக்குச் சேர்ந்து, ஓயாத வேலையில் குரல் ஏறக்குறையப் போய்விட, வேறோர் ஆசிரியரிடம் முதலிலிருந்து பாடக் கற்றார். ஆள் குறைவான சிறிய அரங்கில் இளங்குரலைப் பிழிந்தெடுப்பது நடக்கிறது. இதை என் எதிரணித் தோழர் அன்று எடுத்துக் காட்டியிருந்தால் நான் திணறியிருப்பேன்.

சம்பளமும் பெரிதன்று. 2022 கோடைவரை குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 2,000 யூரோ. 2023 தொடக்கத்தில் 2,715 ஆயிற்று. இதை ரூபாயில் பெருக்கி வாயைப் பிளக்க வேண்டாம். வரி, காப்பீடு, வீட்டு வாடகை எல்லாம் அதில்தான். குழியில் வயலின் வாசிப்பவருக்குத் தொடக்கத்திலேயே இதைவிடக் கூடுதல். அவரை எளிதில் வேலையிலிருந்து நீக்கவும் முடியாது. மேடையில் நிற்கும் பாடகரை நீக்கலாம்.

இங்கேதான் எனக்கு அந்த ஏற்பாட்டின்மீது கோபம் வருகிறது. தனிப்பாத்திரம் பாடுவோரின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்கு; இரு தரப்பும் பேசாமல் இருந்தால் தானே அடுத்த ஆண்டுக்கு நீளும். நீட்டிக்க விருப்பமில்லை என்றால் அரங்கு அக்டோபர் 31க்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அதற்குமுன் பாடகரை அழைத்துப் பேச வேண்டும் என்பது விதி. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதம் தபாற்காரரைக் கண்டால் பாடகர்களுக்கு வயிற்றைக் கலக்கும். காரணமாகக் ‘கலைத் தேவை’ என்று சொன்னால் போதும். புதிய தலைமை இயக்குநர் வந்தால் தமக்கு வேண்டியவர்களைக் கொண்டுவருவார். பழையவர்கள் கூட்டமாக வெளியேறுவார்கள். இதைவிடக் கொடிது ஒன்று உண்டு. பதினைந்து ஆண்டுகளுக்குமேல் ஒரே அரங்கில் இருந்துவிட்டால் அவரை வெளியேற்ற முடியாது என்பது விதி. பாதுகாப்புக்காக ஏற்பட்ட விதி! ஆனால் அந்தப் படியில் கால் வைக்குமுன், பதின்மூன்று பதினான்காம் ஆண்டிலேயே ஓலை வந்துவிடுவது அங்கே அறியாத செய்தி அன்று. இருபத்தெட்டு வயதில் சேர்ந்தவருக்கு அப்போது நாற்பத்திரண்டு. பிள்ளை அந்த ஊர்ப் பள்ளியில் படிக்கிறது. குரலோ இனி இளங்குரல் என்று சொல்லி விற்க முடியாதது.

இப்படி ஓர் ஓட்டை இருக்கிறதென்று பானையையே உடைக்கச் சொல்வதா? என் கருத்து, ஓட்டையை அடைக்க வேண்டும் என்பதே. ஐந்தாறு ஆண்டு பாடியவரை நீக்குவதானால் காரணத்தை விளக்கி நிறுவும் கடமை அரங்குக்கு வேண்டும். பாடும் பருவம் முடிந்தவர்க்குப் பயிற்சியாளர் வேலையோ வேறு பணியோ அதே கூரையின்கீழ் கொடுக்கலாம்.

சம்பளமே இல்லாவிட்டால் என்னவாகும் என்பதை 2020 மார்ச் மாதம் உலகுக்குக் காட்டியது. பெருந்தொற்றால் எல்லா நாட்டு அரங்குகளும் மூடின. நியூயார்க்கில் தனிப்பாடகர்களுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி; ஆட்டம் இல்லை, ஆகவே கூலி இல்லை. சேர்ந்து பாடுவோருக்கும் வாத்தியக் குழுவினருக்கும்கூட மெட்ரோபாலிட்டன் அரங்கு அந்த மாதத்தோடு சம்பளத்தை நிறுத்தியது. ஜெர்மனியிலும் நாடோடியாக ஊர் ஊராகப் பாடுவோர் தெருவில்தான் நின்றார்கள். ஆனால் நகர அரங்கில் நிலையாக இருந்த பாடகருக்குச் சம்பளத்தில் பெரும் பகுதியேனும் மாதாமாதம் வந்தது. மேடை திறந்தபோது அவர் குரலோடு அங்கே இருந்தார்.

நான் இந்தப் பொருளில் இவ்வளவு அக்கறை கொள்வதற்குக் காரணம் உண்டு. என் தாய்மாமன் ஸ்பெஷல் நாடக ராஜபார்ட். மாசியிலிருந்து ஆடிவரை காரைக்குடி, புதுக்கோட்டைப் பக்கக் கிராமங்களில் ‘தேதி’ கிடைக்கும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை வேலனாகவும் வேடனாகவும் பாடுவார். மழை தொடங்கிவிட்டால் தேதி இல்லை. அப்போது அவர் ஒரு மர அறுவைப் பட்டறையில் சுமை தூக்குகிறார். அந்தத் தூசி தொண்டைக்கு ஆகாது என்பது அவருக்கும் தெரியும்.

இந்தக் கட்டுரைக்கான செய்திகளைப் படித்து அவரிடம் சொன்னேன். 3,000 ஹெர்ட்ஸ் சமாசாரத்தை, “அது நமக்கும் உண்டுடா மாப்ளே, மைக்கு வாரதுக்கு முந்தி எங்க வாத்தியாரு அப்படித்தான் பாடுவாரு” என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். கோடையில் அரங்கு மூடியிருக்கும் நாட்களைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

“வருசத்துக்கு நாப்பத்தஞ்சு நாள் லீவு மாமா. சம்பளத்தோட.”

“பாடாமலா?”

“பாடாமத்தான்.”

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தப் பதினாலாம் வருசத்துல போகச் சொல்றாகளே, அவுக அப்புறம் என்ன செய்றாக?” என்றார். சிலர் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள், சிலர் வேறு ஊர் தேடுகிறார்கள், சிலர் பாடுவதையே விட்டுவிடுகிறார்கள் என்று சொன்னேன். அதற்குள் வாசலில் நாடக வண்டி வந்து நின்று ஆர்மோனியக்காரர் குரல் கொடுத்தார். மாமா சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, வேடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.